செருப்புக் காவல்

என் அக்காவுக்கு வயது அறுபது. நாகர்கோவிலில் பிறந்து, நாகர்கோவிலில் படித்து, நாகர்கோவிலிலேயே ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தெற்கே போகிற எந்த பஸ்ஸில் ஏறினாலும் முக்கால் மணி நேரத்துக்குள் கடல் வந்துவிடுகிற ஊர் இது. இந்த ஊரில் அறுபது வருடம் இருந்தும் அவள் காலில் ஒரு தடவைகூடக் கடல்தண்ணீர் பட்டிருக்கவில்லை. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். போன தை மாதம் வரைக்கும் எனக்கே இது ஒரு பெரிய விஷயமாகத் தெரிந்ததில்லை. அதை நினைத்தால்தான் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

இரண்டு வயதில் போலியோ வந்து ஒரு கால் முழுதும் போயிற்று, இன்னொரு கால் பாதி. கம்பி வைத்த பூட்ஸும் கக்கத்துக் கட்டையுமாகத்தான் பள்ளிக்கூடம் போனாள், ஆபீஸ் போனாள். ஐம்பதுக்கு மேல் பூட்ஸோடு சக்கர நாற்காலி. ஆனால் வீட்டுக்குள் அவளுக்கு இதெல்லாம் ஒன்றும் வேண்டாம். தரையில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, சர் சர்ரென்று அறைக்கு அறை போவாள். நான் நடந்து போவதற்குள் அவள் அடுக்களையில் இருப்பாள். கேட் சத்தம் கேட்டால் மட்டும் அம்மா பதறுவாள். "ஏட்டி, நாற்காலியில ஏறு, ஆளு வருது. நாலுபேர் பாத்தா என்ன நினைப்பாவ?" அக்காவும் மூச்சு வாங்க முன்னறை மரநாற்காலியில் ஏறி, பாவாடையைச் சரிசெய்து, பிறந்ததிலிருந்தே அங்கே உட்கார்ந்திருப்பவள் மாதிரி இருப்பாள். அம்மா போய்ப் பல வருடம் ஆன பிறகும் கேட் சத்தம் கேட்டால் ஏறிவிடுவாள்.

கடலுக்கு நாங்கள் போகாமல் இல்லை. பெரிய லீவுக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு தடவை, வெளியூர் சொந்தக்காரர்கள் வந்தால் ஒரு தடவை. வேன் நின்றதும் நாங்கள் எல்லோரும் தண்ணீரைப் பார்த்து ஓடுவோம். அக்காவை ஒரு சுவர் மேலேயோ வேன் சீட்டிலேயோ உட்கார வைத்துவிட்டு அப்பா சொல்வார்: "மக்கா, நீ இங்கன இரு. செருப்பையும் பையையும் பாத்துக்கிடு." அப்பாவுக்குப் பிறகு அண்ணன் அதே வார்த்தையை மாற்றாமல் சொன்னார். அக்கா பத்துப் பன்னிரண்டு ஜோடிச் செருப்பையும் பெரிசு சிறிசு பார்த்து வரிசையாக அடுக்கி வைத்திருப்பாள். நாங்கள் நனைந்து திரும்பி வந்தால் ஒவ்வொருவருக்கும் குறி சொல்வாள். "உனக்கு இடது குதிகால்தான் முதல்ல தேயுது, சாய்ஞ்சு நடக்காதே." நாங்கள் சிரிப்போம். பெரிய கெட்டிக்காரி என்று மெச்சவும் செய்வோம். எளவு, ஒருத்திக்கும் ஒருத்தனுக்கும் அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை!

அவள் ஓய்வு பெற்ற மறுநாள் காலை, புட்டும் பயறும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அக்கா, உனக்கு நாங்க என்ன செய்யணும், சொல்லு" என்று கேட்டேன். வளையல் கேட்பாள், இல்லை ஊட்டி என்பாள் என்று நினைத்தேன்.

"கடல்ல இறங்கணும்" என்றாள். "காலு நனைக்கல்ல கேட்டியா. கழுத்து வரைக்கும்."

நான் கையிலெடுத்த புட்டைத் தட்டிலேயே வைத்தேன். அவள் பேச்சை நிறுத்தவில்லை. "டாக்டர் சொன்னாருல்லா, தோள் தேஞ்சு போச்சுண்ணு. இன்னும் ஒரு வருசமோ ரெண்டு வருசமோ, அதுக்குப் பொறவு கையூணி நகர முடியாது. அதுக்கு முந்தி."

அவ்வளவுதான். நான் முப்பது வருடம் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவள். செய்யலாம் என்று ஒன்றைத் தொட்டால் விடை வராமல் சாக்பீஸைக் கீழே வைக்க மாட்டேன். அன்றைக்கே ஒரு நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் 'கடல்' என்று எழுதி அடியில் கோடு போட்டேன்.

முதல் தடை அண்ணன். இருபத்தாறு வருடம் கல்ஃபில் ஒரு கம்பெனியில் சேஃப்டி சூப்பர்வைசராக இருந்துவிட்டு வந்தவர். அங்கே ஆயிரம் பேருக்குத் தொப்பி மாட்டிவிட்ட கை, இங்கே வந்து சும்மா இருக்குமா? வீட்டில் கேஸ் அடுப்பைப் பற்ற வைத்தால்கூடப் பின்னால் வந்து நிற்பார். விஷயத்தைச் சொன்னதும் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார்.

"ரிஸ்க். அவளுக்குக் கால்ல பிடிப்பே கெடையாது. நம்ம கடலு சாதாரணப்பட்ட கடலா? வேணும்னா வட்டக்கோட்டைக்குப் போவோம். அங்க சரிவு கட்டியிருக்கு, நாற்காலிய உருட்டிட்டே மேல போயிரலாம். மேல நின்னு பாத்தா கடல் அப்படியே தெரியும்."

அக்கா ஜன்னலோரம் இருந்து சொன்னாள்: "பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு அண்ணே. இனி பாக்கதுக்கு ஒண்ணும் பாக்கி இல்ல."

அண்ணன் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். ஆனால் அவர் சொன்னதில் பாதி நிஜம். எங்கள் கடல் சாதாரணப்பட்டதில்லை. கன்னியாகுமரியில் பாறையும் படியும் சனக்கூட்டமும். முட்டத்தில் அலை பாறையில் அறைகிற சத்தத்திலேயே ஆள் பின்வாங்கிவிடும். தேங்காய்ப்பட்டணம் என்றால் துறைமுகம், ஐஸ் லாரியும் மீன்கூடையும் போகிற வழியில் நாற்காலி எப்படிப் போகும்? மணல் பரந்து கிடக்கிற கடற்கரைகளிலோ இரண்டடி வைத்தால் மூன்றாவது அடியில் பள்ளம், அலை திரும்பும்போது ஆளை வாரிக்கொண்டு போகும். நோட்டில் ஒவ்வொன்றாக எழுதி ஒவ்வொன்றாக அடித்தேன்.

கடைசியில் கிடைத்தது ஒரு இடம். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே அங்கே பஜ்ஜிக்கடை வந்துவிடும். ஒரு மீனவர் ஊர், எங்கள் வீட்டிலிருந்து வேனில் அரை மணி. அங்கே தூண்டில் வளைவு கட்டியிருக்கிறார்கள். ஊரை அலை அரிக்காமல் இருக்க, கருங்கல்லைக் கொட்டிக் கடலுக்குள் வளைத்துக் கொண்டுபோயிருக்கிற கரைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். கல்லுக்கு அந்தப் பக்கம் கடல் குதிக்கும். இந்தப் பக்கம் குளம்.

ஒரு புதன்கிழமை காலை நானும் என் வீட்டுக்காரரும் டவுன் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தோம். கரையில் ஒரு குஞ்சு இல்லை. மணல் சுத்தமாக, சரிவாக, தண்ணீர்வரை போயிற்று. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து பார்த்தேன். பள்ளம் இல்லை, இழுப்பு இல்லை. ரோட்டிலிருந்து தண்ணீர்வரை காலடி எடுத்து வைத்து எண்ணினேன், அறுபத்து நான்கு. கரையில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"கொண்டு வாங்க டீச்சர். இந்தத் தையிலயும் மாசியிலயும் வெள்ளம் அனங்காது, தண்ணி அப்படியே கெடக்கும். காலத்தே எட்டு ஒம்பதுக்கு வந்தா, ஒங்க அக்காளத் தொட்டில்ல போட்டு ஆட்டுன மாதிரி இருக்கும்" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு வாய் கொள்ளாச் சிரிப்பு. வீட்டுக்காரர், "சரி, என்னிக்கு?" என்றார். "ஞாயிற்றுக்கிழமைதான், அன்னிக்குத்தானே எல்லாருக்கும் லீவு. முதல் ஆராதனைக்குப் போயிட்டு நேரே கடல்" என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சக்கர நாற்காலி மணலில் புதையும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். கல்யாண வீடுகளில் வாசலிலிருந்து மேடைவரை சிவப்புக் கம்பளம் விரிப்பார்களே, அதைப் பந்தல்காரரிடம் மூன்று சுருள் சொல்லி வைத்தேன். வீட்டு முற்றத்தில் அரை லோடு மணல் கிடந்தது. அதன் மேல் இரண்டு மடிப்பாக விரித்து நாற்காலியை உருட்டிப் பார்த்தோம். ஓடியது. அக்கா கம்பளத்தைக் குனிந்து பார்த்துச் சொன்னாள்: "கொள்ளாம். அறுபது வயசுல எனக்கும் கம்பளம் விரிச்சாச்சு. இனி மாப்பிள்ளையத்தான் காணல்ல." எல்லோரும் சிரித்தோம். அண்ணி மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என்ன உடுத்துவது என்பது அடுத்த பஞ்சாயத்து. சேலை காலில் சுற்றும், நைட்டி பலூன் மாதிரி மிதந்து மானத்தை வாங்கும். கடைசியில் அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுடிதார் வாங்கினாள். நல்ல ரத்தச் சிவப்பு. "கடல்ல கண்டுபிடிக்க லேசா இருக்கும்" என்று காரணம் வேறு! அண்ணனும் தன் பங்குக்கு லைஃப் ஜாக்கெட், கயிறு, விசில், முதலுதவிப் பெட்டி என்று ஒரு பட்டியல் போட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வர மாட்டேன் என்றவர் பட்டியல் போட ஆரம்பித்தால், வருகிறார் என்று அர்த்தம். சனிக்கிழமை நாலு தடவை கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று செல்லில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மரச்சீனிக்கிழங்கு அவித்து, மிளகாய்ச் சம்மந்தி அரைத்து, எல்லாம் தயார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வேன் அந்த ஊருக்குள் திரும்பியது. நான் முன்சீட்டில். தென்னைகளைத் தாண்டியதும் கடற்கரை தெரிந்தது.

"வண்டிய நிறுத்துங்க" என்றேன்.

கரை முழுக்க வள்ளம், மீன்பிடிப் படகு. நீலம், மஞ்சள், பச்சை என்று முப்பதுக்குக் குறையாமல், ஒன்றோடொன்று விலா உரச, தண்ணீர் விளிம்பிலிருந்து மேலே ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். மிச்ச இடத்தில் வலை விரித்திருந்தது. கம்பளம் விரிக்க என்ன, ஒரு பாய் போடக்கூட இடம் இல்லை. புதன்கிழமை கரை காலியாகக் கிடந்தது ஏன் என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அன்று வள்ளம் எல்லாம் தொழிலுக்குப் போயிருந்தது. ஞாயிறு அவர்கள் கடலுக்குப் போக மாட்டார்கள்! இந்த மாவட்டத்தில் பிறந்த சின்னப் பிள்ளைக்குத் தெரியும் இது. ஞாயிற்றுக்கிழமை நல்ல மீன் கிடைக்கவில்லை என்று மாதம் தவறாமல் புலம்புகிறவள் நான். ஞாயிறு தவறாமல் கோயிலுக்கும் போகிறவள். நமக்கு ஓய்வுநாள் என்றால் அவர்களுக்கும் ஓய்வுநாள்தானே என்று அரை நிமிடம் யோசிக்க முடியவில்லை. பெரிய கணக்கு டீச்சர்!

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் அண்ணன். "சவத்த விடு. வண்டிய வட்டக்கோட்டைக்கு விடச் சொல்லு. மேல நின்னு பாத்துட்டு, அங்கன வச்சு கெழங்கு தின்னுட்டுப் போலாம்."

நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். சிவப்புச் சுடிதாரில், மடியில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக வள்ளங்களுக்கு நடுவே தெரிகிற ஒரு முழம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. சுவர் மேல் உட்கார்ந்து செருப்பைப் பார்க்கும்போது இருக்கிற அதே முகம். அந்த முகம் எனக்குப் பொறுக்கவில்லை. கதவைத் திறந்து குதித்தேன்.

அந்த நேரம் மாதா கோயிலில் பூசை முடிந்து சனம் வந்துகொண்டிருந்தது. ஆண்கள் வெள்ளை வேட்டி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. அந்தக் கூட்டத்தில் பட்டுச்சேலை உடுத்து வந்த நெத்திலி அம்மாள் என்னைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"டீச்சர்! ஞாயிறாழ்ச்சையா வந்திய?" நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம நாங்க தொழிலுக்குப் போவமாட்டோம்னு அறியாண்டாமா? நீங்களும் வேதக்காரங்கதானே!"

"தப்பு என்மேலதான்" என்றேன். "எங்க அக்கா இதுவரைக்கும் கடல்ல இறங்கினதே இல்ல."

அவள் வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். அக்காவின் சிவப்புச் சுடிதாரைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். பிறகு திரும்பி, "ஏலே, இங்க வாங்கல!" என்று ஒரு சத்தம் போட்டாள். ஆலயத்து மணி தோற்றுப்போகும். எட்டுப் பத்து ஆண்கள் வந்து நின்றார்கள். அவள் இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள்.

நரைத்த மீசைக்காரர் ஒருவர் தலையைச் சொறிந்தார். "ஞாயித்துக்கெழமயில்லா" என்று இழுத்தார்.

வேனுக்குள்ளிருந்து அக்கா பேசினாள். முப்பத்தைந்து வருடம் ஆபீஸ் கவுண்டரில் பேசிய குரல். "தொழிலுக்கு வேண்டாம் அண்ணாச்சி. வள்ளம் கடலுக்கும் போவண்டாம். ஒரு நாற்காலி அகலத்துக்கு ரெண்டு வள்ளத்த விலக்கித் தந்தாப் போரும்."

மீசைக்காரர் சிரித்துவிட்டார். "அது செரிதான், நகத்தக் கூடாதுண்ணு சாமியாரு சொல்லல்ல" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். மற்றவர்களும் இஸ்திரிச் சட்டையைக் கழற்றி வலைமேல் போட்டார்கள். அண்ணன் பொறுக்க மாட்டாமல் இறங்கி வந்து, நாற்காலியின் அகலத்தைக் கையால் அளந்து காட்டி, விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "ஒன், டூ, த்ரீ சொன்ன உடனே எல்லாரும் ஒண்ணிச்சுத் தள்ளணும்" என்று உத்தரவு போட்டார். பிறந்ததிலிருந்து வள்ளம் தள்ளுகிறவர்களுக்கு! அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, பாவம் கிடக்கட்டும் என்று அவர் விசிலுக்கே தள்ளினார்கள். ஒரு நீல வள்ளம் இந்தப் பக்கம் முனகிக்கொண்டு சாய்ந்தது, மஞ்சள் அந்தப் பக்கம். நடுவில் வழி.

நான் கம்பளத்தை உருட்டிவிட்டேன். இரண்டு வள்ளத்துக்கும் நடுவே சிவப்பாக ஓடிப்போய் ஈரமணலில் நின்றது. பூசைக்குப் போன சனம் முழுக்க இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தது. நாற்காலியை நான்தான் தள்ளினேன். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

கம்பளம் முடிகிற இடத்தில் முன்சக்கரம் புதைந்து நாற்காலி நின்றுவிட்டது. தண்ணீருக்கு இன்னும் பத்தடி. நான்கு பேர் தூக்க வந்தார்கள். அண்ணனும் ஓடி வந்தார்.

"தூக்கண்டாம்" என்றாள் அக்கா. "நான் போறேன்."

குனிந்து பூட்ஸின் வாரை அவிழ்த்தாள். இரண்டையும் கழற்றி என் கையில் தந்தாள். நாற்காலியிலிருந்து மணலில் இறங்கினாள். எனக்கு ஒரு கணம் அம்மாவின் குரல் காதில் கேட்டது, நாலுபேர் பாத்தா என்ன நினைப்பாவ என்று. நாலு பேரில்லை, நாலு தெரு பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா இரண்டு உள்ளங்கையையும் ஊன்றினாள். சர் சர்ரென்று, வீட்டுக்குள் அறைக்கு அறை போகிற அதே வேகத்தில், கடலைப் பார்த்துப் போனாள். பின்னால் மணலில் அவள் போன தடம் அகலமாக விழுந்துகொண்டே போயிற்று. அறுபது வருடமாகக் கதவைச் சாத்திவிட்டு அவள் நடந்த நடை அது. பட்டப்பகலில், ஊர் பார்க்க!

முதல் அலை மடிவரை வந்தது. "அம்மாடியோவ்!" என்று அவள் போட்ட கூச்சலுக்குக் கல்லுமேல் இருந்த காக்கை எல்லாம் எழும்பிப் பறந்தது. அவள் நிற்கவில்லை. இடுப்பு, மார்பு, பிறகு கழுத்து. கையை எடுத்துப் பார்த்தாள். தண்ணீர் அவளைத் தாங்கியது. அந்தக் காலும் இந்தக் காலும் மற்ற யார் காலையும் போல லேசாக மிதந்தன. பூட்ஸைக் கம்பளத்தில் போட்டுவிட்டு நானும், பட்டுச்சேலை நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல் நெத்திலி அம்மாளும், அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம்.

"ஏட்டி, உப்பு கரிக்குது!" என்றாள் அக்கா, யாருக்கும் தெரியாத ஒன்றைத் தான்தான் கண்டுபிடித்த மாதிரி. நான் விசும்பி விசும்பி அழுதேன். கடல்தண்ணீர் முகத்தில் அடித்ததால் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தால்தான் என்ன?

எங்கள் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராகத் தண்ணீருக்குள் வந்தார்கள். அண்ணி, பிள்ளைகள், என் வீட்டுக்காரர். கடைசியாக அண்ணன் கம்பளத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பேன்டை முட்டுவரை சுருட்டிக்கொண்டு வந்தார். அக்கா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"அண்ணே! நீங்க அங்கனயே இருங்க. செருப்பையும் பையையும் பாத்துக்கிடுங்க!"

விளையாட்டாகத்தான் சொன்னாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை. தண்ணீர் விளிம்பிலிருந்து திரும்பிப் போய்க் கம்பளத்தில் உட்கார்ந்தார். நாங்கள் உதறிப் போட்ட செருப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மணல் தட்டி, பெரிசு சிறிசு பார்த்து வரிசையாக அடுக்க ஆரம்பித்தார். அதுவரை அவற்றை யார் அடுக்கினார்கள் என்று அவரும் யோசித்ததில்லை போலும்.

அக்கா கரையேற ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அண்ணன் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. நான் முதலில் ஏறி வந்து பார்த்தேன். பதினோரு ஜோடி இருந்தது. வரிசையின் முதலில், மணல் போகத் துடைத்து, வாரைச் சேர்த்து மாட்டி, அக்காவின் கம்பி பூட்ஸை வைத்திருந்தார்.